அழுத்தக் கூடாத புத்தகம்

பைண்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மடிப்பதைப் பற்றியும் தைப்பதைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அவற்றைக் கை பழகிக்கொள்ளும். கை நன்றாகப் பழகிவிட்ட பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

நான் இந்த வேலையைத் தொடங்கியது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். பழைய இதழ்களை மாதவாரியாகச் சேர்த்துக் கட்டி நூலக அறைக்கு அனுப்பும் பிரிவு அது. எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒருமுறை நான் ஒரு மாதக் கட்டை இறுக்கமாகத் தைத்து, முதுகு கல்போல் நிற்பதைக் காட்ட அவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதை மேசையில் விரித்துவைத்து, "உள்பக்கத்துப் பத்தியைப் படி" என்றார். தையலுக்கு அருகில் இருந்த பத்தியில் பாதி எழுத்துகள் மடிப்புக்குள் போயிருந்தன. "யாரு, எப்படிப் பிரிச்சு, இன்னாத்துக்குப் பாப்பான்னு கேட்டுட்டு அப்புறம் ஊசியைத் தொடு" என்று சொல்லிவிட்டு, என் தையலைப் பிளேடால் அறுத்துக் கொடுத்தார். நான் கண்ட பயிற்சி அவ்வளவுதான். செய்தித்தாளில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். கட்டி முடித்த புத்தகத்துக்கு மறுநாள் கிடையாது.

பிறகு திருவண்ணாமலைக்கு வந்து, வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கத் தெருவில் இருந்த ஒரு பைண்டிங் கடையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அரசு அலுவலகப் பதிவேடுகள், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகள், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் கொண்டுவரும் பழைய புத்தகங்கள், இவைதான் எங்கள் வேலை. தையல் என்னுடையது. வெட்டுவதும் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவதும் எத்திராஜுடையது. அடி அண்ணாமலையிலிருந்து வருவார். என்னைவிடச் சில வயது இளையவர். அவர் கையிலிருந்து வளைந்த அட்டையோடு ஒரு புத்தகம் வெளியே போய் நான் பார்த்ததில்லை. வளைந்த அட்டையைக் கண்டால் சோற்றில் கல் கடித்ததுபோல முகம் சுளிப்பார்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்திய ஒரு மார்கழியில், அரையாண்டு விடுமுறை முடியப்போகும் வாரத்தில், கலைவாணி டீச்சர் கடைக்கு வந்தார். ஆட்டோக்காரர் கையைப் பிடித்துப் படியேற்றி விட்டார். பார்வை இல்லாதவர். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பையிலிருந்து காலிகோ துணி போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இது எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

பார்த்தேன். நான்கு மூலையும் செங்கோணம். ஓரம் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. அட்டை தாளோடு தாளாகப் படிந்திருந்தது. எத்திராஜ் எட்டிப் பார்த்து, "நல்ல கை" என்றார்.

"உள்ள பிரிச்சுப் பாருங்க."

தடித்த வெள்ளைத் தாள்கள். அச்சு எதுவும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் அம்மைத் தழும்புபோல ஏதோ தெரிந்தது.

அது பிரெயில் புத்தகம். புதுப் பாடத்துக்குப் பிரெயில் பிரதி அவர் கைக்கு வரவில்லை. கோடை விடுமுறை முழுவதும் தங்கை பாடநூலை வாசிக்க, இவர் பிரெயில் சட்டத்தில் தாளைச் செருகிக் குத்தூசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி இரண்டு பாகங்களாகச் செய்திருந்தார். முதல் பாகத்தை வேறு ஊரில் ஒரு கடையில் கட்டக் கொடுத்தார். அவர்கள் எல்லாப் புத்தகத்துக்கும் செய்வதை இதற்கும் செய்தார்கள். கட்டி, பிரஸ்ஸில் வைத்து, நன்றாக அழுத்திக் கொடுத்தார்கள். எழும்பியிருந்த புள்ளிகள் எல்லாம் தரையோடு தரையாகிவிட்டன. எங்கள் கண்ணுக்கு அது நேர்த்தியான புத்தகம். அவர் விரலுக்கு அது வெற்றுத் தாள்.

"ஆறு மாசமா ஞாபகத்துல இருக்கறத வெச்சு ஓட்டிட்டேங்க. நடுநடுவுல திக்கிடுச்சு. பசங்க வீட்ல போயி சொல்லிட்டாங்க. எச்.எம். மேடம் வர்ற திங்கக்கெழம என் க்ளாஸ்ல வந்து உட்காரப் போறாங்க. சரியா போவலன்னா க்ளாஸை எடுத்துட்டு லைப்ரரில உட்கார வெச்சுடுவாங்க. அதுக்கா நான் பி.எட். படிச்சேன்?"

"ஃபோன்ல பாடத்தப் போட்டுக் கேட்டுக்கினே நடத்த முடியாதுங்களா?" என்று எத்திராஜ் கேட்டார்.

"காதுல ஃபோன மாட்டிக்கிட்டா பின்பெஞ்சுல யாரு இன்னா பண்றான்னு எப்டிண்ணா தெரியும்? ரெண்டு காதும் பசங்களுக்கு வேணும். பாடத்துக்கு விரலு."

பிறகு இரண்டாம் பாகத்தை எடுத்துவைத்தார். துளையிட்டுக் கயிற்றில் கோர்த்த தாள்கள். கயிறு தாளை அறுத்துக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் சில தாள்கள் தனியே கழன்றிருந்தன. திங்கட்கிழமைப் பாடம் அதில்தான் இருந்தது.

கடை உரிமையாளர் சனிக்கிழமை தருவதாக ஒப்புக்கொண்டார். எத்திராஜ் மட்டும் ஒப்பவில்லை. "பிரஸ்ல வெக்காத புக்கு புக்கே இல்லக்கா. பசை காயறப்போ அட்டை இழுக்கும். இழுத்தா யாரு பேரு கெடும்?"

அவர் சொன்னதில் தவறில்லை. அதனால் முதலில் முதுகைப் பார்த்தேன். புள்ளிகள் இருப்பதால் தாள்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. முதுகிலும் அதே இடைவெளி இருந்தால் தாள்கள் ஒன்றையொன்று நசுக்காது. ஒவ்வொரு தாளின் உள்ளோரத்திலும் தடித்த காகிதப் பட்டை ஒட்டி, பட்டைகளைச் சேர்த்து அதில் தையல் போட்டேன். எத்திராஜ் முனகிக்கொண்டே பட்டைகளை வெட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை அட்டை கோர்த்து, உள்தாளை ஒட்டி, புத்தகத்தைச் சன்னலோர மேசையில் எதுவும் மேலே படாமல் வைத்தோம். "இதைப் பிரஸ் பக்கம் கொண்டு போகாதே" என்று எத்திராஜிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அவரும் தலையாட்டினார்.

சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்காக மாலையில் பாதைகளை மறித்துவிடுவார்கள். எத்திராஜின் மனைவி பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் மோர்க் கடை போடுவார். பாதை மூடுவதற்குள் எத்திராஜ் ஊருக்குள் போய்விட வேண்டும். கலெக்டர் அலுவலகத்துப் பதிவேடுகளும் அன்றே தரவேண்டியிருந்தன. கடையில் யாரும் நின்று பேசவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சன்னலோர மேசை காலியாக இருந்தது.

புத்தகம் பிரஸ்ஸில் இருந்தது. முழுதாக அல்ல. அட்டையின் வெளி ஓரத்தில் மட்டும், மேலே ஒரு மரச்சட்டம், கீழே ஒரு மரச்சட்டம் வைத்து, சக்கரத்தைத் திருகியிருந்தார்.

"எத்திராஜ், இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"அட்டை வாயப் பொளந்துக்கினு நின்னுச்சுக்கா. பனி ஈரம். அப்டியே குடுத்தா மானம் போயிடும். நடுவுல தொடவே இல்ல. ஓரத்துல மட்டும், லேசா."

அவர் சோம்பலால் செய்யவில்லை. மறதியாலும் செய்யவில்லை. வளைந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் கைக்குத் தெரியாது. நல்ல வேலைக்காரர் என்பதால்தான் செய்தார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அலட்சியத்தால் வரும் பிழையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஒழுங்கால் வரும் பிழை பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும்.

சக்கரத்தைத் தளர்த்திப் புத்தகத்தை எடுத்தேன். அட்டை நேராகியிருந்தது. உள்ளே பிரித்தால், ஒவ்வொரு தாளிலும் வெளி ஓரத்தில் மட்டும் புள்ளிகள் தாழ்ந்திருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தன. விரலால் தடவினால் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் என் விரலுக்குப் அழுத்துவதற்கு முன்பும் பெரிதாக ஒன்றும் தட்டுப்பட்டதில்லை. அதனால் என் விரலை நம்ப முடியவில்லை.

உரிமையாளர் வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"புள்ளி இருக்குதே. நல்லாத் தெரியுதே ராஜிம்மா."

"நமக்குத் தெரியுது சார்."

"நாமா போயி எதுக்குச் சொல்லணும்? அவங்க தடவிப் பாத்து எதாச்சும் சொன்னா அப்புறம் பாத்துக்கலாம். கெளப்பி விட்டாதான் சந்தேகம் வரும்."

"அவங்க தடவிப் பாக்கறது திங்கக்கெழம க்ளாஸ்லயா இருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்திராஜ் பதிவேடுகளை அடுக்குவதுபோல அந்தப்பக்கம் திரும்பி நின்றார். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று யோசிக்க அவகாசம் கிடைக்காது. நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தேன். புத்தகத்தை அவர் மடியில் கொடுப்பதற்கு முன்னால் சொன்னேன்: "டீச்சர், இன்னிக்கு இது கொஞ்ச நேரம் பிரஸ்ல இருந்துச்சு. வெளி ஓரத்துல அழுத்தம் பட்டிருக்கு. இங்கயே வாசிச்சுப் பாருங்க."

அவர் முகம் மாறியது. புத்தகத்தைப் பிரித்து, இடதுகைச் சுட்டுவிரலை வரியின் தொடக்கத்தில் வைத்தார். விரல் சீராக நகர்ந்தது. உதடு லேசாக அசைந்தது. வரி முடியும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது, பின்வாங்கியது, மறுபடி போனது, சுற்றிச் சுற்றித் தேடியது. அடுத்த வரிக்குப் போனார். அங்கும் அப்படியே. நடுவில் ஒரு பக்கம், கடைசியில் ஒரு பக்கம் என்று புரட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வரியும் கடைசியில கரஞ்சு போவுது" என்றார். பிறகு, "யாரு வெச்சது?"

எத்திராஜ் திரும்பினார்.

"நாந்தாங்க."

"ஏன்?"

"அட்டை எழும்பிச்சுங்க."

"அட்டை எழும்பினா எனக்கு இன்னாண்ணா? நான் அட்டையவா வாசிக்கப் போறேன்?"

எத்திராஜிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டீச்சர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. வேறு யாரிடமோ சொல்வதுபோல, "லைப்ரரின்னா ஒண்ணும் கொலையில்ல. சம்பளம் வரும்" என்றார்.

உரிமையாளர் கட்டணம் வேண்டாம் என்று ஏதோ தொடங்கினார். டீச்சர் காது கொடுக்கவில்லை. எத்திராஜ் மெதுவாக வந்து, டீச்சரிடம் அனுமதி கேட்டு, புத்தகத்தை வாங்கிச் சன்னல் பக்கம் கொண்டுபோனார். ஒரு தாளைத் திருப்பி, பின்பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இத மொதல்ல குத்தனப்போ பின்பக்கத்துலேர்ந்துதான குத்துனீங்க?"

"ஆமா. பின்னால குத்தினா முன்னால எழும்பும்."

"அந்தப் பள்ளம் இன்னும் இருக்குதுங்க. அதே பள்ளத்துல மறுபடி குத்துனா எழும்புமா?"

"எழும்பும். ஆனா எனக்குத்தான் தட்டுப்படலையே, எங்கன்னு குத்தறது?"

"எனக்குத் தெரியுதுங்க" என்றார் எத்திராஜ்.

டீச்சர் பைக்குள் கையை விட்டுப் பிரெயில் சட்டத்தையும் குத்தூசியையும் எடுத்து நீட்டினார். சட்டம் கீல் போட்டு மடங்குவது. தைத்த புத்தகத்திலும் வெளி ஓரத்தைச் செருக முடிந்தது. அதே சட்டத்தில் குத்திய தாள்கள் என்பதால் குழிகள் பொருந்தி உட்கார்ந்தன. எத்திராஜ் முதல் புள்ளியைக் குத்தினார். தாள் கிழிந்தது.

"அவ்ளோ பலம் வேணாம்ணா. குத்தறதுன்னா கொலையா?"

இரண்டாவது கிழியவில்லை. டீச்சர் முன்பக்கம் தடவிப் பார்த்து, "இது வந்துடுச்சு" என்றார்.

அன்று பாதை மூடும் நேரம் வந்துவிட்டது. எத்திராஜ் மனைவிக்கு ஃபோன் செய்து, தம்பியை வைத்துக் கடை போடச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஒருநாள் நான் வரலன்னா மோரு புளிச்சுடாதுடி" என்று வைத்துவிட்டார். இருட்டும்வரை செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி உட்கார்ந்தோம். சன்னலோரம்தான், வெயில் சாய்வாக விழுந்தால்தான் பள்ளம் தெரியும். டீச்சர் இரண்டாவது சட்டம் ஒன்றையும் அச்சுப் பாடநூலையும் கொண்டுவந்திருந்தார். கடைசித் தாளிலிருந்து நானும் முதல் தாளிலிருந்து எத்திராஜும், ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றி வாங்கிக் குத்தினோம். ஒவ்வொரு தாளும் முடிந்ததும் டீச்சர் வாசிப்பார். கண் எங்களுடையது, தீர்ப்பு அவருடையது.

எத்திராஜ் ஓரிடத்தில் தாளின் குறையைப் பள்ளம் என்று நினைத்துக் குத்திவிட்டார். டீச்சர் விரல் நின்றது. சிரித்துவிட்டார்.

"அண்ணா, இங்க ஒரு புள்ளி ஜாஸ்தி."

"ஐயோ. இப்ப இன்னா பண்றதுங்க?"

"நகத்தால அழுத்துங்க. படிஞ்சுடும். உங்களுக்குப் புடிச்ச வேலதான."

எத்திராஜ் காது சிவக்க அழுத்தினார்.

கிழிந்துபோன தாளுக்கும், மீட்க முடியாத இன்னும் சிலவற்றுக்கும் புதுத்தாள் தேவைப்பட்டது. கடையிலிருந்த ஒவ்வொரு தடித்த தாளையும் டீச்சர் மடக்கிப் பார்த்துத் தள்ளினார். கடைசியில் டிராயிங் தாளில் ஒரு வகையை ஏற்றார். நான் அச்சுப் பாடநூலை வாசித்தேன், அவர் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே வந்தார். நான் வேகமாக வாசித்தால், "பஸ் புடிக்கப் போறீங்களாக்கா?" என்பார். எழுதிய தாள்களைப் பழைய பட்டைகளிலேயே ஒட்டினேன். உரிமையாளர் ஞாயிறன்று வரவேண்டியதில்லை. வந்தார். டீ வாங்கி வந்தார், எங்கள் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றார், போனார்.

வேலை முடிந்தபோது வெயில் சன்னலை விட்டு இறங்கியிருந்தது. அட்டை மறுபடி எழும்பியிருந்தது. எத்திராஜ் அதைப் பார்த்தார். கை ஒருமுறை அட்டை வரைக்கும் போனது. பிறகு அந்தக் கையாலேயே மேசையிலிருந்த காகிதத் துணுக்குகளைக் கூட்டித் தள்ளினார்.

"எழும்பினா எழும்பட்டும்" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

திங்கட்கிழமை புத்தகத்தை நானே பள்ளிக்கு எடுத்துப்போனேன். பசை ஈரம் முழுவதும் போகவில்லை. ஆட்டோவில் பையோடு பையாகப் போட்டு, மேலே ஒரு சாப்பாட்டு டப்பாவை யாராவது வைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வகுப்பு வாசலில் டீச்சரிடம் கொடுத்துவிட்டு, வராந்தாவில் தூணோரம் நின்றேன். தலைமை ஆசிரியை உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

பாடம் என்ன என்பது எனக்கு நினைவில்லை. அணைக்கட்டுகளைப் பற்றி ஏதோ. நான் பாடத்தைக் கேட்கவில்லை, வரிகளின் கடைசியைக் கேட்டேன். வாசிக்கும் குரல் எங்காவது தயங்குகிறதா, திரும்பிப் போகிறதா என்று. ஓரிடத்தில் நின்றது. நான் தூணை விட்டு ஓரடி முன்னால் போனேன்.

"மூணாவது பெஞ்சு, சன்னல் ஓரம். மிட்டாய் பேப்பர உள்ள வெய்யி. தின்னுட்டுப் பதில் சொல்லு."

வகுப்பே சிரித்தது. விரல் நின்ற இடத்திலிருந்தே குரல் மறுபடி தொடங்கியது. மணி அடிக்கும்வரை வேறெங்கும் நிற்கவில்லை.

தலைமை ஆசிரியை மணிக்கு முன்பே வெளியே வந்தார். வராந்தாவில் வந்துகொண்டிருந்த அலுவலக உதவியாளரிடம், "லைப்ரரிக்கு வேற யாரயாவது பாக்கணும்" என்றார். அப்புறம் என்னைக் கவனித்தார்.

"நீங்கதான் பைண்டரா?"

"ஆமாங்க மேடம்."

கதவு வழியாக மேசைமேல் திறந்திருந்த புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தார். வேலையை எடைபோடும் பார்வை.

"தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா அட்டை ஒக்காரவே இல்லையே. பிரஸ்ல கிரஸ்ல வெக்க மாட்டீங்களா?"

"இதை வெக்க மாட்டோம்ங்க" என்றேன்.